ஒரு சொட்டு இரத்தம் சொல்லும் செய்தி

கீழே விழுந்து உடைந்த கண்ணாடி வளையலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது எத்தனை துண்டாக உடைந்திருந்தது? குறைந்தது இரண்டு துண்டாகத்தான் இருக்கும். ஒரே இடத்தில் மட்டும் உடைந்து, மற்றபடி முழுதாக இருக்கும் வளையலைக் காண்பது அரிது. விறைப்பான வளையங்களின் இயல்பு அது. ஓரிடத்தில் உடைந்து விலகவேண்டுமானால், இன்னோர் இடத்திலும் அது விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

உங்கள் உடம்பிலும் இப்படி ஒரு வளையம் இருக்கிறது. இடுப்பில் கையை ஊன்றி நிற்கும்போது உங்கள் கை எதன்மேல் படுகிறதோ, அதுதான் அந்த வளையத்தின் மேல் விளிம்பு. அந்த வளையம் உடைந்தால் என்ன ஆகும்? அதனுள்ளே செல்லும் மெல்லிய குழாய் ஒன்று அறுந்துவிட்டால் மருத்துவர் என்ன செய்வார்? அதைவிட முக்கியமாக, எதைச் செய்யாமல் இருப்பார்? இவற்றைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

எலும்பு வளையம்

இடுப்பெலும்பு வளையம் மூன்று பெரிய பகுதிகளால் ஆனது. வலப்பக்கம் ஓர் எலும்பு, இடப்பக்கம் ஓர் எலும்பு, பின்புறம் முதுகெலும்பின் அடியில் ஆப்பு அடித்ததுபோல் அமர்ந்திருக்கும் முக்கோண எலும்பு. பக்கத்து எலும்புகள் இரண்டும் முன்புறத்தில், அடிவயிற்றுக்குக் கீழே, ஒரு குருத்தெலும்பால் இணைகின்றன. பின்புறத்தில் அவை முக்கோண எலும்போடு மிக வலிய தசைநார்களால் கட்டப்பட்டிருக்கின்றன.

பக்கத்து எலும்பு ஒவ்வொன்றும் பிறக்கும்போது ஒரே எலும்பாக இருப்பதில்லை. மூன்று தனித்தனி எலும்புகளாக இருந்து, வளரும் பருவத்தில்தான் ஒன்றாகின்றன. ஏறக்குறைய உங்கள் வயதில்தான் அந்த இணைப்பு நிறைவு பெறுகிறது.

இவ்வளவு உறுதியான வளையத்தை உடைக்க மிகுந்த விசை வேண்டும். ஓடும் வாகனம் மோதுவது, மரத்திலிருந்தோ கட்டடத்துச் சாரத்திலிருந்தோ விழுவது, பாரம் ஏற்றிய வண்டிச் சக்கரம் ஏறுவது போன்ற விபத்துகளில்தான் அத்தகைய விசை பிறக்கிறது. மோட்டார் சைக்கிளில் செல்பவர் எதிலாவது மோதினால், வண்டி நின்றுவிடும். அவர் உடம்போ நியூட்டனின் முதல் விதிப்படி முன்னோக்கியே போகும். எதிரே இருக்கும் பெட்ரோல் தொட்டி அவருடைய இடுப்பு வளையத்தின் முன்புறத்தைத் தாக்கும். புத்தகத்தை விரித்து வைப்பதுபோல் வளையம் விரிந்துவிடக்கூடும்.

வளையத்துக்குள் ஒரு குழாய்

சிறுநீரகங்கள் இரண்டும் இரத்தத்தை வடிகட்டி நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் சிறுநீரை உண்டாக்குகின்றன. அதாவது மணிக்கு 60 மில்லி லிட்டர் அளவு. அது சிறுநீர்ப்பையில் வந்து சேர்கிறது. வயது வந்த ஒருவருடைய சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளும். அப்படியானால், காலியான பை நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல், ஏழு எட்டு மணி வரை ஆகும்.

சிறுநீர்ப்பை இடுப்பு வளையத்தின் முன்பக்க எலும்புக்கு நேர் பின்னால் இருக்கிறது. அதிலிருந்து சிறுநீரை வெளியே கொண்டுவரும் குழாய்க்குச் சிறுநீர்ப் புறவழி என்று பெயர். பெண்களுக்கு இது 4 சென்டி மீட்டர் நீளந்தான். ஆண்களுக்கோ 18 முதல் 20 சென்டி மீட்டர் வரை நீள்கிறது. பையிலிருந்து கிளம்பியதும் அது முதலில் புராஸ்டேட் என்னும் சுரப்பியைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. பிறகு, இடுப்பின் அடித்தளமாக விரிந்திருக்கும் தசைத் தட்டைக் கடக்கிறது. அந்த இடத்தில் அதன் சுவர் மிக மெல்லியது. அதைத் தாண்டியபின், மெத்தென்ற திசு ஒன்று அதைச் சூழ்ந்துகொள்கிறது.

நீளமான குழாய்க்கு ஆபத்து அதிகம் என்பது சொல்லாமலே விளங்கும். இடுப்பு வளையம் உடைந்த ஆண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இந்தக் குழாயிலும் காயம் ஏற்படலாம். பெண்களுக்கு இது மிகக் குறைவு.

எங்கே அறுகிறது? ஏன்?

தோட்டத்தில் நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனை தொட்டியோடு பொருத்தப்பட்டிருக்கிறது. கொஞ்சம் தள்ளி, தரையில் அடித்த ஒரு முளையோடும் அது கட்டப்பட்டிருக்கிறது. இப்போது தொட்டியை யாரோ வேகமாக நகர்த்திவிட்டால் என்ன ஆகும்? தொட்டிக்கும் முளைக்கும் இடையிலுள்ள பகுதி இழுபட்டு அறுந்துபோகும்.

உடம்பிலும் இதேதான் நடக்கிறது. சிறுநீர்ப்பையும் புராஸ்டேட்டும் சேர்ந்து தொட்டியைப் போன்றவை. புராஸ்டேட் முன்பக்க எலும்போடு நார்களால் கட்டப்பட்டிருக்கிறது. கீழேயுள்ள தசைத் தட்டும் எலும்பு வளையத்தோடு பிணைந்திருக்கிறது. வளையம் உடைந்து துண்டுகள் வெவ்வேறு திசையில் விலகும்போது, மேல்பகுதி ஒரு பக்கமும் கீழ்ப்பகுதி ஒரு பக்கமும் இழுபடுகின்றன. மெல்லிய சுவருடைய இடம் கிழிகிறது. சிலருக்குப் பாதிக் கிழிசல். சிலருக்கு முழுவதும் அறுந்து, இரு முனைகளும் விலகிவிடுகின்றன. இடையில் இரத்தம் கசிந்து உறைந்து நிற்கிறது.

முதலில் உயிர், பிறகு குழாய்

ஒரு காட்சியைக் கற்பனை செய்யுங்கள். இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் நெடுஞ்சாலையில் அடிபட்டு, ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார். முகம் வெளுத்திருக்கிறது. நாடி வேகமாகத் துடிக்கிறது. இடுப்பில் தாங்க முடியாத வலி. அவசரப் பிரிவு மருத்துவர் முதலில் எதைப் பார்ப்பார்?

சிறுநீர்க் குழாயை அல்ல. மூச்சு சரியாக வருகிறதா, இரத்தம் எங்கே போகிறது என்பதைத்தான் பார்ப்பார். வயது வந்தவர் உடம்பில் உள்ள இரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். இடுப்பெலும்பு உடைந்தால் அங்குள்ள இரத்தக் குழாய்கள் கிழிந்து, வெளியே ஒரு சொட்டும் தெரியாமல், உள்ளேயே லிட்டர் கணக்கில் இரத்தம் சேர்ந்துவிடக்கூடும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. இடுப்பின் உட்குழியை ஒரு கோளம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அது கோளமல்ல. கணக்கு எளிதாவதற்காகத்தான் இப்படிச் சொல்கிறோம். வளையம் விரிந்து ஆரம் பத்து சதவீதம் கூடினால் கன அளவு எவ்வளவு கூடும்? கோளத்தின் கன அளவு ஆரத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 1.1-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.331. அதாவது, இரத்தம் தேங்கக்கூடிய இடம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. இதனால்தான் விரிந்த வளையத்தை அகலமான பட்டையால் சுற்றி மூடுகிறார்கள். பட்டை கிடைக்காவிட்டால் போர்வையை மடித்துக் கட்டினாலும் போதும். அதை வயிற்றின்மேல் கட்டக்கூடாது. தொடையெலும்பு இடுப்போடு சேருமிடத்தில், பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனைகளின் மட்டத்தில் கட்டவேண்டும்.

இரத்தம் ஏற்றப்படுகிறது. இளைஞரின் நாடி சற்றுத் தெளிகிறது. இப்போது மருத்துவருக்கு ஒரு விவரம் அவசரமாகத் தேவை: மணிக்கு எவ்வளவு சிறுநீர் வருகிறது? இரத்த ஓட்டம் குறைந்தால் சிறுநீரகம் உடனே உற்பத்தியைக் குறைத்துவிடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி லிட்டர் அளவாவது சிறுநீர் வரவேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 30 மில்லி லிட்டர். இதை அளப்பதற்கு வழக்கமான வழி, சிறுநீர்ப் புறவழி வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய ரப்பர் குழாயைச் செலுத்துவதுதான்.

1930-களில் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலி உருவாக்கிய கதீட்டர்தான் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அதன் நுனியருகே சிறிய பலூன் ஒன்று உண்டு. நுனி சிறுநீர்ப்பைக்குள் போனதும் அந்தப் பலூனில் தண்ணீர் நிரப்புவார்கள். பிறகு கதீட்டர் நழுவி வெளியே வராது. இதன் பருமனைக் குறிக்கும் எண்ணில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எண்ணை மூன்றால் வகுத்தால் விட்டம் மில்லி மீட்டரில் கிடைக்கும். 16-ஆம் எண் குழாயின் விட்டம் 5.3 மில்லி மீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் அறுவைக் கருவிகள் செய்த ஷாரியேர் என்பவர் வகுத்த முறை இது. பையின் மதிப்பு மூன்றுக்குச் சற்று அதிகம் என்பதால், அந்த எண் ஏறக்குறைய குழாயின் சுற்றளவாகவும் அமைந்துவிடுகிறது!

கையைத் தடுக்கும் ஒரு சொட்டு

செவிலியர் கதீட்டரை எடுத்து வைத்துவிட்டார். மருத்துவர் அதைக் கையில் எடுக்குமுன், சிறுநீர்த் துவாரத்தை உற்றுப் பார்க்கிறார். அங்கே ஒரே ஒரு சொட்டு இரத்தம் நிற்கிறது. உடனே கதீட்டரைக் கீழே வைக்கச் சொல்கிறார்.

ஏன்? அந்தச் சொட்டுதான் செய்தி. உள்ளே குழாய் கிழிந்திருக்கலாம் என்று அது சொல்கிறது. வேறு அடையாளங்களும் உண்டு. அடிபட்டவருக்குச் சிறுநீர் கழிக்கவேண்டும் என்ற உணர்வு இருக்கும், ஆனால் வராது. அடிவயிறு உப்பியிருக்கும். தொடைகளுக்கு இடையே இரத்தம் கட்டிக் கறுத்திருக்கும். இந்த அடையாளங்கள் எதுவும் தெரியாமலும் காயம் இருக்கக்கூடும். எனவே எலும்பு உடைந்த விதத்தையும் மருத்துவர் கவனிப்பார்.

இந்த நிலையில் கண்ணை மூடிக்கொண்டு கதீட்டரைச் செலுத்தினால் என்ன ஆகலாம்? பாதி கிழிந்திருந்த குழாய் முழுவதும் அறுந்துபோகலாம். கதீட்டர் வழி தவறி, கிழிசல் வழியாக வெளியேறி, உறைந்த இரத்தக் கட்டிக்குள் புகலாம். அங்கே பலூனை ஊதினால் காயம் மேலும் விரியும். கிருமிகளும் உள்ளே சென்றுவிடும். உதவி செய்வதாக எண்ணிச் செய்த செயலே பெரும் தீங்காக முடியும்.

வழி தெரியாத இருட்டு அறைக்குள் ஓடுவதற்கு முன் விளக்கைப் போடவேண்டும் அல்லவா? அந்த விளக்குதான் எக்ஸ் கதிர்.

வழி காட்டும் படம்

1895-ஆம் ஆண்டு ஜெர்மன் விஞ்ஞானி ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். எலும்பு அக்கதிர்களைப் பெருமளவு தடுப்பதால் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. சிறுநீர்ப் புறவழி போன்ற மெல்லிய குழாய்கள் தடுப்பதில்லை, எனவே தெரிவதில்லை. அவற்றைத் தெரியச் செய்ய ஒரு தந்திரம் உண்டு. அயோடின் கலந்த மருந்தை அதனுள் நிரப்ப வேண்டும். அயோடினின் அணு எண் 53. உடம்பின் மென்மையான திசுக்களில் பெரும்பாலும் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற சிறிய அணு எண் உடையவை. எக்ஸ் கதிரைத் தடுக்கும் திறன் அணு எண்ணோடு வேகமாக உயர்கிறது. ஆகவே அயோடின் மருந்து எங்கே போகிறதோ, அங்கெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும்.

அடிபட்டவரைச் சற்றே ஒருக்களித்துப் படுக்க வைத்து, துவாரத்தின் வழியாக இந்த மருந்தை 20 முதல் 30 மில்லி லிட்டர் வரை மெதுவாகச் செலுத்தி, படம் எடுக்கிறார்கள். மூன்று விதமான விடை கிடைக்கலாம்.

மருந்து எங்கும் சிந்தாமல் சிறுநீர்ப்பை வரை ஒரே கோடாகப் போனால், குழாய் முழுதாக இருக்கிறது; கதீட்டரைத் தயங்காமல் போடலாம். வழியில் கொஞ்சம் சிந்தி, மீதி பைக்குள் போனால் பாதிக் கிழிசல். முழுவதும் சிந்தி, பைக்குள் ஒரு துளிகூடப் போகாவிட்டால் குழாய் அறுந்திருக்கிறது என்று கொள்ளவேண்டும். சில நிமிடங்களில் முடியும் இந்தப் படம், ஒருவருடைய பிற்கால வாழ்வையே தீர்மானிக்கக்கூடும்.

படம் எடுக்கவும் நேரமில்லாத அளவுக்கு உயிர் ஊசலாடினால்? அப்போது கைதேர்ந்த மருத்துவர் ஒரே ஒரு முறை, மிக மென்மையாகக் கதீட்டரைச் செலுத்திப் பார்ப்பதுண்டு. சிறிது தடை தட்டுப்பட்டாலும் நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் முயலக் கூடாது.

வாசல் அடைத்தால் சாளரம்

குழாய் அறுந்திருக்கிறது. ஆனால் சிறுநீரகம் வேலையை நிறுத்துவதில்லை. பை நிரம்பிக்கொண்டே வருகிறது. என்ன செய்வது?

இயற்கை இங்கே ஒரு வசதியைச் செய்து வைத்திருக்கிறது. காலியான சிறுநீர்ப்பை முன்பக்க எலும்புக்குப் பின்னால் பதுங்கியிருக்கும். நிரம்ப நிரம்ப அது, கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஊதப்படும் பலூனைப் போல, எலும்புக்கு மேலே எழுந்து வயிற்றுச் சுவரைத் தொட்டு நிற்கும். எழும்போது குடல்களையும் அவற்றை மூடியிருக்கும் சவ்வையும் மேலே தள்ளிவிடும். ஆகவே எலும்புக்குச் சற்று மேலே, நடுக்கோட்டில் ஊசியைச் செலுத்தினால், குடலைத் தொடாமல் நேராகச் சிறுநீர்ப்பையை அடையலாம்.

அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, ஒலி அலைகளால் உள்ளே பார்க்கும் ஸ்கேன் கருவியின் உதவியோடு, ஒரு குழாயைப் பைக்குள் பொருத்துகிறார்கள். மறுகணமே சிறுநீர் வெளியே இருக்கும் பையில் வடிகிறது. வலி அடங்குகிறது. மணிக்கு எவ்வளவு என்று அளக்கவும் முடிகிறது. கிழிசலின் வழியாகச் சிறுநீர் போகவேண்டிய தேவையும் இல்லாமல் போகிறது. வாசல் அடைபட்டபோது சாளரத்தைத் திறந்தது போன்ற வேலை இது.

சில மருத்துவமனைகளில், நோயாளியின் நிலை சீரானபின், உள்நோக்கிக் கருவியின் உதவியால் அறுந்த முனைகளைக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவே கதீட்டரைக் கோத்து வைப்பதும் உண்டு. எது பொருத்தம் என்பதை அங்குள்ள நிபுணர்கள் முடிவு செய்வார்கள். பெண்களுக்கு இக்காயம் ஏற்பட்டாலோ, சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதி கிழிந்தாலோ, நாள் கடத்தாமல் தைத்துச் சரிசெய்ய முயல்வார்கள்.

அறுந்ததை உடனே தைத்தால் என்ன?

நல்ல கேள்வி! முன்பு அப்படிச் செய்து பார்த்தவர்களும் உண்டு. ஆனால் அடிபட்ட வேளையில் அந்த இடம் முழுவதும் இரத்தக் கட்டியும் வீக்கமுமாக இருக்கும். எது எந்தத் திசு என்று அடையாளம் காண்பதே கடினம். இரத்தக் கட்டியைக் கலைத்தால் அடங்கியிருந்த இரத்தப் பெருக்கு மீண்டும் தொடங்கும். அருகில் ஓடும் நரம்புகளும் சேதமடையும்.

எனவே இத்தகைய முழுக் கிழிசலில் பெரும்பாலும் மூன்று மாதம் போலப் பொறுத்திருக்கிறார்கள். அதற்குள் எலும்பு கூடுகிறது. இரத்தக் கட்டி கரைகிறது. விலகிய முனைகள் நெருங்கி வருகின்றன. இடையில் தழும்புத் திசு உருவாகிறது. பிறகு அந்தத் தழும்பை வெட்டி நீக்கி, நல்ல முனைகள் இரண்டையும் சேர்த்துத் தைக்கிறார்கள். பழகிய கைகளில் பத்துப் பேரில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு இது வெற்றி பெறுகிறது.

இந்த மூன்று மாதமும் வயிற்றில் குழாயோடு இருக்கவேண்டும். நோயாளியும் அவர் குடும்பத்தாரும் மிகவும் கலங்குவது இப்போதுதான். “இனி ஆயுசு முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டுதான் திரியவேண்டுமா?” என்று அழுபவர்கள் உண்டு. வேண்டியதில்லை. எலும்பு தாங்கும் நிலைக்கு வந்தபின் அவர் நடக்கலாம், படிக்கலாம், உட்கார்ந்து செய்யும் வேலையைப் பார்க்கலாம். நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். மாதம் ஒரு முறை போலக் குழாயை மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் ஊரில் யாராவது இப்படி இருந்தால், இதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அந்தக் குழாய் ஊனத்தின் அடையாளமல்ல, குணமாவதற்கான காத்திருப்பு.

நீங்கள் செய்யக்கூடியது

விபத்து நடந்த இடத்தில் நீங்கள் இருந்தால்? முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். இடுப்பில் அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள்; நடக்க வைத்துப் பார்க்காதீர்கள்; புரட்டாதீர்கள். எலும்பு உடைந்திருக்கிறதா என்று இடுப்பை அழுத்திச் சோதிக்காதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் குடிக்கவும் உண்ணவும் எதையும் கொடுக்காதீர்கள். சிறுநீர் வருகிறதா என்று முயன்று பார்க்கும்படி அவரைத் தூண்டவும் வேண்டாம்.

“போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டி வருமே” என்று சிலர் ஒதுங்கிப் போவார்கள். 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவ வருபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. தம் பெயரைச் சொல்லும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இதையும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.

வெட்கம் வேண்டாம்

கடைசியாக, உங்களுக்கே நேரக்கூடிய ஒன்றைப் பற்றி. சைக்கிள் ஓட்டும்போது கால் வழுக்கி, நடுக் கம்பியின்மேல் கால்களை அகட்டியபடி விழுந்திருக்கிறீர்களா? மதில் சுவர் தாண்டும்போதும், மரக்கிளையிலிருந்து சறுக்கும்போதும் இப்படி நேர்வதுண்டு. இதில் எலும்பு உடைவதில்லை. ஆனால் தசைத் தட்டுக்குக் கீழேயுள்ள சிறுநீர்க் குழாய், கம்பிக்கும் எலும்புக்கும் இடையில் நசுங்கிவிடலாம்.

வலி அரை மணியில் அடங்கிவிடும். உள்ளாடையில் ஒரு சொட்டு இரத்தம் தெரியும். அடிபட்ட இடம் அப்படிப்பட்டது என்பதால், பையன்கள் அம்மாவிடமும் சொல்வதில்லை, அப்பாவிடமும் சொல்வதில்லை. சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து, சிறுநீர் நூல்போல மெலிந்து வரும். முக்கி முக்கிக் கழிக்க நேரும். உள்ளே ஆறிய காயம் தழும்பாகிக் குழாயைச் சுருக்கிவிட்டது என்று அப்போதுதான் தெரியவரும். அன்றே சொல்லியிருந்தால் ஒரு படம் எடுத்து, தக்க சிகிச்சை செய்து, பின்னால் வரும் தொல்லையைக் குறைத்திருக்கலாம்.

கையில் அடிபட்டால் காட்டுகிறோம். காலில் அடிபட்டால் காட்டுகிறோம். இதுவும் அவற்றைப் போன்ற ஓர் உறுப்புதான். மருத்துவருக்கு இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, உங்களுக்கும் வேண்டாம். அந்த ஒரு சொட்டு இரத்தம் ஒரு செய்தியைச் சொல்ல வருகிறது. அதைச் சேரவேண்டியவரிடம் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.